மாட்டுக் கட்டு போட்ட ரெட்டைப் பின்னல்

முடி நிறைய இருப்பது பாக்கியம் என்று சொல்கிறவர்கள் யாரும், அதைக் காலை ஆறு மணிக்குள் ரெட்டைப் பின்னலாகப் பின்னி, மடித்துக் கட்டி, பிரார்த்தனைக் கூடத்தில் போய் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். பழனாத்தாளுக்கு முழங்காலைத் தொடுகிற முடி. ஊரில் இருந்தவரை அது பெருமையாகத்தான் இருந்தது. கோயமுத்தூரில் பெண்கள் பள்ளிக்கூடத்து ஆஸ்டலில் சேர்ந்த பிறகு, அதுவே விடிந்தால் தலைவலி என்று ஆகிவிட்டது.

நயா பைசா புதிதாக வந்து எல்லாரையும் குழப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. காங்கேயத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்திலிருந்து ஒன்பதாம் வகுப்புப் படிக்க வந்திருந்தாள் பழனாத்தாள். வயது பதினாலு. அப்பா ஈஸ்வரமூர்த்திதான் பஸ்ஸில் கூட்டி வந்து விட்டார். கொண்டுவந்த தகரப் பெட்டியின் கொண்டி கிளம்புகிற நேரத்தில் உடைந்துபோயிற்று. அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. மயிலைக் காளைக்கு வாங்கி வைத்திருந்த புதுக் கயிற்றை எடுத்துப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். மில்லுக்காரர் வீட்டுப் பெண்களும் வக்கீல் வீட்டுப் பெண்களும் தோல் பெட்டியோடு வந்து இறங்குகிற வாசலில், மாட்டுக் கயிறு கட்டின பெட்டியோடு இவள் போய் இறங்கினாள். சிரிக்காத ஆள் இல்லை. கயிற்றை அன்றைக்கே அவிழ்த்துச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

அந்த ஆஸ்டலில் பொழுது விடிகிற விதத்தைச் சொல்லவேண்டும். நாலரை மணிக்கு ஆயா ரங்கம்மாள், வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக் கம்பியால் அடிப்பாள். செத்தவர்கள்கூட எழுந்து உட்காரவேண்டும், அப்படி அடிப்பாள். உடனே முப்பது பெண்களும் நாலு குளியலறைக்கு ஓடுவார்கள். முதல் நாள் ராத்திரியே வாளியை வரிசையில் வைத்துவிட்டுப் படுத்தவள் புத்திசாலி. சிறுவாணித் தண்ணீர் ஐந்தேகால் வரைக்கும்தான் குழாயில் வரும். மார்கழி மாதம் அந்தத் தண்ணீர் மேலே விழுந்தால் கத்தத்தான் தோன்றும். கத்தினால் வார்டனம்மாவுக்குப் பிடிக்காது. ஆகையால் துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு குளித்தார்கள்.

அப்புறம் உடுப்பு. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாவணி. சமையல்கட்டிலிருந்து வடிகஞ்சி வாங்கி முக்கி உலர்த்திய தாவணி, அட்டையாக விறைத்து நிற்கும். அதைத் தோளில் மடிப்புக் கலையாமல் படுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். புதிதாகத் தாவணிக்கு வந்தவர்கள் மூன்று ஊக்கு குத்துவார்கள். பழனாத்தாள் ஐந்து குத்தினாள். பொட்டுக்கு, கருக்கின ஜவ்வரிசியில் காய்ச்சிய சாந்து. கண்ணுக்கு மெல்லிசாக மை இழுக்கலாம். பவுடர் மட்டும் கூடவே கூடாது. முகத்தில் திட்டுத் தெரிந்தால், எல்லார் முன்னிலையிலும் குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வரவேண்டும். ஆனாலும் பெண்கள் விடுவார்களா? கைக்குட்டையில் பவுடரைத் தட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய், சோதனை முடிந்ததும் வியர்வையைத் துடைப்பதாகத் துடைத்துக்கொள்வார்கள். டிசம்பர் மாதக் குளிரில் எங்கிருந்து வியர்வை வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இதெல்லாம் ஆளுக்கு ஆள் தானே செய்துகொள்கிற வேலை. தலைதான் தானே செய்துகொள்ள முடியாத வேலை. அதற்குத்தான் ரயில்.

நீளத் தாழ்வாரத்தில் பெண்கள் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக உட்கார்ந்துகொள்வார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னால் இருப்பவளுக்குப் பின்னிவிடுவாள். தாழ்வாரம் முழுக்கச் சீப்பு ஓடும் சத்தமும், "ஆ, மெதுவா" என்ற சத்தமுமாகக் கால் மணி நேரத்தில் ரயில் பின்னி முடித்துவிடும். இதில் இரண்டு இடங்கள் மட்டும் வித்தியாசமானவை. முதலாவதாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பின்னிவிட வேண்டிய வேலை கிடையாது, அவள் இன்ஜின். கடைசியில் இருப்பவளுக்குப் பின்னிவிட ஆள் கிடையாது. அவள் கார்டு பெட்டி.

இன்ஜின் ராமாமணி. சிங்காநல்லூர் மில்லுக்காரர் கோவிந்தராஜுலுவின் ஒரே பெண். அவளுக்குப் பின்னத் தெரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் அதற்கென்று ஒரு ஆள் இருந்தாள். ராமாமணி பெட்டி நிறைய ரிப்பனும் ஒரு டப்பா பவுடரும் வைத்திருந்தாள், கேட்டவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் கொடுத்தாள். ஆகையால் அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கார்டு பெட்டி யார் என்று சொல்லவேண்டியதில்லை. பழனாத்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அன்றைக்கு இட்லி கிடைக்காது என்று பெண்கள் நினைத்தார்கள். அதில் பொய்யும் இல்லை. ஆயா ரங்கம்மாள்தான் அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். "இது தலையா, தென்னந்தோப்பா கண்ணு? உங்காத்தா ஊட்டுல என்னத்தத்தான் தேச்சு உட்டாங்களோ!" என்று புலம்பிக்கொண்டே பின்னுவாள். நடுவில் சாம்பார் பொங்கினால் பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

அப்படித்தான் இரண்டு முறை தாமதமாயிற்று.

வார்டன் குழந்தையம்மாள் தாமதத்தை மன்னிக்கிறவர் அல்ல. பி.ஏ., எல்.டி. கதர்ப் புடவை, மெல்லிய கம்பிக் கண்ணாடி, பின்னந்தலையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கொண்டை. பேச்சு அச்சடித்த புத்தகம். "மாணவியரே, காலம் தவறாமைதான் கல்வியின் முதற்படி" என்று அவர் ஆரம்பித்தால், எந்த ஊர்க்காரர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. பிரார்த்தனைக் கூடத்து வாசலில் கைக்கடிகாரமும் பதிவேடுமாக நிற்பார். ஆறு அடித்த பிறகு வருகிறவளுக்குச் சிவப்பு மையில் ஒரு குறி. ஒரு பருவத்தில் மூன்று குறி விழுந்தால், நேரத்துக்குப் பின்ன முடியாத முடி அவளுக்குத் தேவையில்லை என்று பொருள். தோளளவுக்கு வெட்டிவிடுவார்கள். சேரும்போது அப்பாமார் கையெழுத்துப் போட்ட தாளில் இது எழுதியிருந்தது. எந்த அப்பா அதையெல்லாம் படித்தார்?

சும்மா பயமுறுத்துகிறார் என்றும் சொல்ல முடியாது. போன பருவத்தில் ஈரோட்டுப் பத்மாவதிக்கு வெட்டினார்கள். தலை லேசாக இருக்கிறது என்று பத்மாவதி சிரித்துக்கொண்டுதான் திரிந்தாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அவளுடைய அம்மாதான் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதது, கேட்டுக்கு வெளியே நின்ற வண்டிக்காரர் வரைக்கும் கேட்டது.

பழனாத்தாளுக்கு அந்த அழுகை மறக்கவில்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அவள் பயந்தது அம்மாவுக்காக மட்டும் அல்ல. அவளுக்கு நிறம் கறுப்பு. இருந்தவை இரண்டே தாவணி. இங்கிலீஷ் பாடத்தில் வாயைத் திறந்தால் வகுப்பு சிரித்தது. அந்த முப்பது பேரில் அவளிடம் மட்டும் இருந்து மற்றவர்களிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான். சனிக்கிழமை வெயிலில் அதை விரித்து உலர்த்தும்போது, சிரித்த பெண்களே வந்து ஆசையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். அதையும் வெட்டிவிட்டால் மாட்டுக் கயிறு கட்டின பெட்டி மட்டும்தான் மிஞ்சும். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

இரண்டாவது சிவப்புக் குறி விழுந்த அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அவள் நேராக ராமாமணியின் கட்டிலுக்குப் போனாள்.

"ஏம்புள்ள, ரயில்ல உனக்குப் பின்னி முடிச்சதும் நீ சும்மாதானே உக்காந்திருக்கே? எம் பின்னால வந்து உக்காந்து எனக்குப் பின்னி உடேன்."

ராமாமணி படித்துக்கொண்டிருந்த வாரப் பத்திரிகையை மடியில் வைத்தாள். "எனக்குத்தான் பின்னத் தெரியாதே."

"பழகுனா வந்துபோட்டுப் போவுது."

"உனக்குத் தெரியாது புள்ள. எனக்கு எல்லாமே இடது கைதான் வரும். இடது கையால தலை பின்னப்படாதுன்னு எங்கம்மா சீப்பையே தொட உடல." பத்திரிகையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் எனக்குக் கொழுப்புன்னு நெனச்சுட்டு இருக்கறாங்க. இருக்கட்டும்னு நானும் உட்டுட்டேன்."

பழனாத்தாள் இதை எதிர்பார்க்கவில்லை. பணக்காரப் பெண்ணுக்குச் சோம்பல் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். "எந்தக் கையா இருந்தா என்ன? எந்தலைக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல. ரெண்டு குறி உழுந்துபோச்சு புள்ள. இன்னொண்ணு உழுந்தா கத்திரிதான்" என்றாள். ராமாமணி பத்திரிகையைத் தூக்கி எறிந்துவிட்டு இறங்கி உட்கார்ந்தாள்.

பழகுவதற்குத் தலையைக் கொடுத்தால் ஒரு நாளிலேயே பாதி முடி போய்விடும். அப்போதுதான் கட்டிலுக்கு அடியில் கிடந்த கயிறு நினைவுக்கு வந்தது. அதன் நுனியைப் பிரித்துக் கட்டில் காலில் மாட்டினாள் பழனாத்தாள். மூன்று பிரி போட்டுப் பின்னினால் அவளுடைய முடி கைக்கு அடங்காது. அதுதான் எல்லாரும் திணறிய இடம். கட்டுத்தறியில் அப்பா மாட்டுக் கயிற்றை நாலு பிரியாகப் பின்னுவார். நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு பிரியும் மெலிந்து வேலை சீக்கிரம் நடக்கும். அதையே சொல்லிக்கொடுத்தாள். ராமாமணி நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு" என்று வீட்டில் பேசுகிற தெலுங்கில் எண்ணிக்கொண்டே பின்னினாள். முதலில் கயிறு முறுக்கிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் அந்த இடது கை ஓட ஆரம்பித்துவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த பழனாத்தாளுக்கே ஆச்சரியம்.

மிச்சம் இருந்தது மடித்துக் கட்டுகிற வேலை. பின்னலை மடித்துக் காதுக்குப் பின்னால் கறுப்பு ரிப்பனால் கட்டவேண்டும் என்பது பள்ளிக்கூட விதி. மற்றவர்களுக்கு ஒரு மடிப்பு. இவளுக்கு மூன்று மடிப்பு. அந்தக் கனத்துக்குச் சாதாரண முடிச்சு பிரார்த்தனைக்கு முன்பே நழுவிவிடும். கயிறு கையில் இருக்கும்போது வேறு யோசனை எங்கே வரும்? காளையைக் கட்டுத்தறியில் கட்டுகிற முடிச்சையே காட்டிக்கொடுத்தாள். மாடு முரண்டி இழுக்க இழுக்க அந்தக் கட்டு இறுகும். ஒரு பக்கத்து நுனியை உள்ளே தள்ளினால் பொலபொலவென்று அவிழ்ந்துவிடும். ராமாமணி பத்துத் தடவை கட்டினாள். பத்துத் தடவையும் பழனாத்தாள் பேசிக்கொண்டே கையை நீட்டி அவிழ்த்து, "ம், மறுக்காக் கட்டு" என்றாள்.

திங்கட்கிழமை காலை ரயில் முதல்முறையாக வளைந்தது. ராமாமணி எழுந்துபோய்க் கடைசியில் பழனாத்தாளுக்குப் பின்னால் உட்கார, முப்பது பேரும் அவளுக்காக நகர்ந்து நகர்ந்து வட்டமாகிவிட்டார்கள். இன்ஜினும் கார்டு பெட்டியும் ஒட்டிக்கொண்டதும் எல்லாரும் கைதட்டினார்கள். ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே பழனாத்தாள் கூடத்துக்குள் நின்றாள். வார்டனம்மா கடிகாரத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய சந்தோஷம் என்றால் அதுதான். அன்றைக்கு இங்கிலீஷ் வகுப்பில்கூட வாயைத் திறந்து இரண்டு வரி படித்தாள்.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். பின்னலை அவிழ்க்கலாம் என்று உட்கார்ந்தால், கட்டு வரவில்லை.

கட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவிழ்க்கச் சொல்லிக்கொடுக்கவில்லை! பத்துத் தடவையும் இவளே அல்லவா அவிழ்த்தாள்? ராமாமணி தனக்குத் தெரிந்தபடி பிடித்து இழுத்தாள். இழுக்க இழுக்க இறுகுவதுதானே அந்தக் கட்டின் குணம். பழனாத்தாள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள். "சோத்தாங்கைப் பக்கம் ஒரு நுனி இருக்குதா? அத உள்ள தள்ளு" என்றாள். ராமாமணி தள்ளினாள். கட்டு இன்னும் இறுகிற்று. இடது கைக்காரி கட்டிய முடிச்சில் நுனி மாறி நிற்கும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. கயிற்றில் கண்ணால் பார்த்து அவிழ்த்தபோது கை தானாகப் போயிற்று; இப்போது கண் முன்னால் இருக்கிறது, கட்டு பின்னால் இருக்கிறது. அரை மணி நேரத்தில் இரண்டு காதுக்குப் பின்னாலும் முடியும் ரிப்பனும் கலந்து இரண்டு பாக்குக் கொட்டைகள்தான் மிஞ்சின.

"இப்ப என்ன பண்றது?" என்றாள் ராமாமணி, முகம் வெளுத்து.

"பேசாம உடு. வெடியால மறுக்காப் பின்ற வேல மிச்சம்" என்றாள் பழனாத்தாள். வேறு என்ன சொல்வாள்?

வேலை நன்றாகவே மிச்சமாயிற்று. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும், மேலாக எண்ணெயைத் தடவி வழித்துவிட்டு, கூடத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள். வியாழக்கிழமை வார்டனம்மா பிரார்த்தனை முடிந்ததும், "மாணவியரே, பழனாத்தாளைப் பாருங்கள். மனம் வைத்தால் முடியாதது இல்லை. ஒரு முடிகூடக் கலையாமல் வந்து நிற்கிறாள்" என்றார். எப்படிக் கலையும்? பின்வரிசையில் ராமாமணிக்கு இருமல் வந்து வெளியே போகவேண்டியதாயிற்று. பழனாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். மல்லாந்து படுத்துத் தூங்கி நாலு நாளாகிறது. தலை அரிக்கிற அரிப்புக்குப் பென்சிலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ஆனால் சனிக்கிழமை என்று ஒன்று வருமே. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஊரில் பொம்பளைகள் வெள்ளிக்கிழமை குளிப்பார்கள், சனிக்கிழமை ஆம்பளைகளுக்கு. பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் அந்த வழக்கமெல்லாம் நடக்குமா? கொல்லையில் பெரிய தவலையில் வெந்நீர் கொதித்தது. ஆயா ரங்கம்மாள் காய்ச்சின நல்லெண்ணெயும், எண்ணெய் போகத் தேய்க்கக் கரைத்த அரப்பு இலைப்பொடியுமாகத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு தலையாகப் பிடித்தாள். பழனாத்தாள் கடைசி வரைக்கும் நழுவிப் பார்த்தாள்.

"வா கண்ணு, உன்ற தென்னந்தோப்பு ஒண்ணுதான் பாக்கி" என்று இழுத்து உட்காரவைத்த ஆயா, பின்னலில் கைவைத்தாள். நகத்தால் தட்டிப் பார்த்தாள். அப்புறம், "அட கெரகமே! இதென்னது, கல்லாட்ட இருக்குது! ஏனுங் வார்டனம்மா, இங்க வந்து பாருங்க இந்தக் கூத்த!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள்.

வார்டனம்மா வந்தார். ஈரத் தலையோடு பெண்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் குனிந்து, ஒரு விரலால் கட்டைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தனை நாளாயிற்று?"

"திங்கக்கெழமைல இருந்துங்க மிஸ்."

"அப்படியானால் நான் வியாழக்கிழமை பாராட்டியது இதைத்தானா?"

வார்டனம்மாவின் முகம் சிவந்தது. "ஆயா, அலுவலக மேசையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து வா" என்றார்.

கத்திரிக்கோல் வந்தது. பத்மாவதி கண்ணை மூடிக்கொண்டாள். பழனாத்தாள் கல்லின் மேல் உட்கார்ந்து, முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டு, அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். அது பாட்டுக்குக் கண்ணீர் வழிந்தது. அப்போது ராமாமணி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மிஸ், கட்டுனது நானுங்க. எனக்கு இடது கைதானுங்க வரும். தப்பு எம்பேர்லதானுங்க. வெட்டறதா இருந்தா எனக்கும் வெட்டிப்போடுங்க."

சொல்லிவிட்டு, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வார்டனம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கத்திரிக்கோலைக் கையில் வைத்தபடியே மறுபடி குனிந்தார். இந்தத் தடவை வெகு நேரம் பார்த்தார். கட்டைக் கட்டைவிரலால் இப்படியும் அப்படியும் புரட்டினார். அவருடைய உதடு லேசாக அசைந்தது.

கத்திரிக்கோலைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். "ஆயா, அந்த எண்ணெயை இப்படி ஊற்று" என்றார். எண்ணெய் ஊறட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார். பிறகு கட்டுக்கு இடது பக்கமாக நகத்தை விட்டு ஒரு நுனியைத் தேடிப் பிடித்து, அதை உள்ளே தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் தள்ளினார். ரிப்பன் பொலபொலவென்று அவிழ்ந்து விழுந்தது. அடுத்த காதுக்குப் பின்னாலும் அதே. முடி மூன்று மடிப்பும் பிரிந்து கல்லைத் தாண்டித் தரையில் சரிந்தது. சுற்றி நின்றவர்கள் மூச்சு விட்ட சத்தம் நன்றாகக் கேட்டது.

"காளைக்குப் போடற கட்டப் போயித் தலைல போட்டிருக்கறீங்களே கண்ணு" என்றார் வார்டனம்மா. "அதுலயும் மாத்திக் கட்டியிருக்குது. சோத்தாங்கைப் பக்கமே தள்ளிப் பாத்திருப்பீங்க, எப்புடி வரும்?"

பேசியது யார் என்று ஆயா திரும்பிப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து 'கண்ணு' என்ற வார்த்தையை அதுவரை அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்டதில்லை.

"மிஸ், உங்களுக்கு எப்புடிங்க..." என்று ஆரம்பித்த ராமாமணி, முடிக்கப் பயந்து நிறுத்திக்கொண்டாள்.

வார்டனம்மா எண்ணெய்க் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எங்க கட்டுத்தறில ஏழு உருப்படி நின்னுச்சு. வெடியால எந்திரிச்சு அவுத்து உடறது என்ற வேல" என்றார். பழனாத்தாளின் முடியை ஒரு கையால் அள்ளித் தரையிலிருந்து தூக்கி, அவள் மடியில் வைத்தார். "எனக்கும் இத்தன இருந்துச்சு அம்மணி. பதிமூணு வயசுல ஆஸ்டல்ல கொண்டாந்து உட்டாங்க. ஒரு நாளு சிக்கு உழுந்துபோச்சு. உக்காந்து எடுத்து உடறதுக்கு அங்க ஆரும் இல்ல. கத்திரிதான் வந்துச்சு. அப்புறம் அது வளரவே இல்ல."

கை தன்னை அறியாமல் அந்த நெல்லிக்காய்க் கொண்டைக்குப் போய்த் தொட்டுவிட்டு இறங்கிற்று. உடனே நினைவு வந்தவராய்க் கண்ணாடியை மேலே தள்ளினார். "மாணவியரே, இங்கே என்ன வேடிக்கை? அவரவர் தலையை உலர்த்துங்கள்" என்று பழைய குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனார். கத்திரிக்கோல் கல்லின் மேலேயே கிடந்தது. ஆயா அதை எடுத்துப்போய்க் கீரை நறுக்க வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ரயில் மறுபடி வட்டமாகத்தான் உட்கார்ந்தது. ராமாமணி நாலு பிரியாகப் பின்னி முடித்தாள். ஆனால் இந்த முறை இருவருமே அந்தக் கட்டுக்குப் பயந்தார்கள். சாதாரணமாக ஒரு பூ முடிச்சுப் போட்டாள். எழுந்து நாலு அடி நடப்பதற்குள் நழுவிற்று. மறுபடி போட்டாள். மறுபடி நழுவிற்று. மூன்றாம் முறை கட்டிக்கொண்டிருக்கும்போது ஆறு மணி அடித்தது. இருவரும் தாவணியைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். கூடத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் பாட ஆரம்பித்திருந்தார்கள்.

வாசலில் வார்டனம்மா. கையில் திறந்த பதிவேடு, சிவப்பு மைப் பேனா. பழனாத்தாளின் பெயருக்கு எதிரே இரண்டு குறிகள் இருந்ததை அவள் தலைகீழாகவே பார்த்தாள். மூன்றாவது குறி விழத்தான் போகிறது என்று எண்ணி, காதுக்குப் பின்னால் பாதி நழுவிய பின்னலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வார்டனம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடிகாரத்தைக் காதில் வைத்து ஒரு உலுக்கு உலுக்கினார்.

"என்ற கெடியாரம் ரெண்டு நிமிசம் முன்னால ஓடுதாட்ட இருக்குது" என்றார் தாழ்ந்த குரலில். பேனாவை மூடினார்.

பழனாத்தாளுக்குக் கும்பிடவேண்டும் என்று தோன்றியது. கையை எடுத்தால் பின்னல் விழுந்துவிடும். அப்படியே நின்றாள். வார்டனம்மா அந்தக் கையை விலக்கி, ராமாமணியை அருகில் கூப்பிட்டார்.

"இந்தத் தலைக்கு இந்த முடிச்செல்லாம் நிக்காது அம்மணி. அந்த மாட்டுக் கட்டையே போடு, நேரத்துக்கு வந்துபோடலாம்." பிறகு பழனாத்தாளிடம் திரும்பினார். "சாயங்காலம் பொழுதோட என்ற ரூமுக்கு வா கண்ணு. நான் அவுத்து உடறேன்."

இரண்டு பேரும் உள்ளே போய்ப் பாட்டில் சேர்ந்துகொண்டார்கள்.